நம்பர் இல்லாத மெக்கானிக்

முறையான விசா, முறையான வேலை உத்தரவு, மூன்று மருத்துவர்கள் கையெழுத்திட்ட உடல்தகுதிச் சான்று ஆகியவற்றுடன் லிப்ட் மெக்கானிக் ஒருவர் வெளிநாட்டில் வந்து இறங்கினார். அந்த நாட்டின் சட்டதிட்டம் எதையும் அவர் மீறவில்லை. மீறும் எண்ணமும் அவருக்கு இல்லை. அவர் செய்த ஒரே தவறு, உள்ளூர் செல்போன் நம்பர் இல்லாமல் இறங்கியதுதான்.

ஊர் சிம், விமானம் தரையைத் தொட்டதுமே கண்ணை மூடிவிட்டது. விமான நிலையத்தில் இலவச வைஃபை இருந்தது. அதற்கான கடவுச்சொல் உள்ளூர் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும் என்று சுவரில் எழுதியிருந்தது. தங்கிய அறையிலும் வைஃபை இருந்தது. அந்தச் சுவரிலும் அதையேதான் எழுதியிருந்தார்கள்.

மறுநாள் லிப்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். சூப்பர்வைசர் ஒரு தெருவையும் அதிலுள்ள பதினோரு கட்டடங்களையும் அவர் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டு, "உங்க நம்பர்?" என்றார்.

"இனிமேதாங்க வாங்கணும்."

"பதினஞ்சு நாளைக்குள்ள குடுத்துடுங்க. இல்லைன்னா உங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி ரூல். லிப்ட்டுல ஆள் மாட்டிக்கிட்டா உங்களை எப்படிக் கூப்பிடுறது? கை தட்டியா?"

பதிவேட்டில் மெக்கானிக்கின் பெயர் ஏறியது. நம்பருக்கு உரிய கட்டத்தில் 'விரைவில்' என்று ஏறியது.

மெக்கானிக்குக்கு அதைவிடப் பெரிய அவசரம் ஒன்று இருந்தது. ஊரில் அவர் மனைவிக்கு ஒன்பதாவது மாதம். "போய் இறங்கினதும் பேசறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். இறங்கிவிட்டார். பேச வழிதான் இல்லை.

அறையில் உடன் தங்கியிருந்தவர் ஒரு பெயின்டர். ஐந்து வருடமாக அங்கே இருப்பவர், செல்போனும் வைத்திருப்பவர். ஆனால் அந்தப் போனில் வெளிநாட்டு நம்பர் ஒன்றே ஒன்றுக்குத்தான் பேச முடியும். எந்த உறவினருடையது என்று முதலிலேயே பதிவு செய்துவிட வேண்டும். பெயின்டர், மனைவியின் அன்பான ஆலோசனைப்படி, மாமியாரின் நம்பரைப் பதிவு செய்திருந்தார்.

"கவலைப்படாதீங்க தம்பி, அத்தைகிட்ட சொல்லிடறேன். அவங்க உங்க வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுவாங்க" என்றார் பெயின்டர்.

அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம். கற்பனை அப்படியில்லை.

*

தொலைபேசி நிறுவனத்தின் அலுவலகம் ஐந்து மாடிக் கட்டடம். கண்ணாடிக் கதவுக்கு மேலே, 'தொடர்பில் இருப்போம்' என்று ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தது. கதவருகே காவலாளி நின்றார்.

"டோக்கன் காட்டுங்க."

"டோக்கன் எங்க குடுக்குறாங்க?"

"யாரும் குடுக்க மாட்டாங்க. அதோ அந்த ஸ்கிரீன்ல உங்க செல் நம்பரைப் போடுங்க. டோக்கன் மெசேஜா வந்துடும்."

"செல் நம்பர் இல்லீங்களே."

"நம்பர் இல்லாதவங்க இங்க எதுக்கு வர்றாங்க?"

"நம்பர் வாங்கத்தாங்க."

காவலாளி பதினோரு வருடமாக அந்த வாசலில் நிற்பவர். இந்தக் கோணத்தில் யாரும் அவரிடம் பேசியதில்லை போலும். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஸ்கிரீனில் தன் நம்பரையே தட்டினார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. உள்ள போங்க."

உள்ளே மூன்றாம் கவுன்டரில் ஒரு அம்மா. மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொல்லிவிட்டுத்தான் மறுத்தார்.

"பாஸ்போர்ட் சரி, விசா சரி, வேலை உத்தரவு சரி. இருப்பிடச் சான்று எங்கங்க? உங்க பேர்ல ஒரு இன்டர்நெட் பில் இருந்தா போதும்."

"இன்டர்நெட் இல்லீங்களே அம்மா."

"பக்கத்துக் கவுன்டர்தாங்க. போய் வாங்கிட்டு வாங்க."

நான்காம் கவுன்டரில் இருந்தவர் இளைஞர். எதற்கும் தயாராக இருப்பவர் போலக் கைகளைக் கோர்த்து வைத்திருந்தார்.

"இன்டர்நெட் தானே சார்? இப்பவே குடுத்துடலாம். உங்க செல் நம்பர் சொல்லுங்க."

இரண்டு கவுன்டருக்கும் நடுவே கண்ணாடித் தடுப்புகூடக் கிடையாது. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்டேப்ளர். ஜனவரி மாதத்திலிருந்து அது தாளில்லா அலுவலகம் ஆகிவிட்டபடியால், ஸ்டேப்ளர் பிஸ்கட் பொட்டலத்தின் வாயை மூடுவதற்குப் பயன்பட்டு வந்தது.

மெக்கானிக்குக்கு ஒரு யோசனை தோன்றியது. "நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல குடுத்துட்டா என்னங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருடமாக அருகருகே உட்கார்ந்திருந்தும் தங்களுக்கு இது தோன்றவில்லையே என்ற வருத்தம் அந்த அம்மாவின் முகத்தில் வந்து போனது. இரண்டு விண்ணப்பங்களையும் நிரப்பினார்கள். இளைஞர், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினார். இருவரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினார்கள்.

இரண்டு திரையிலும் ஒரே வாசகம் வந்தது: 'மற்ற விண்ணப்பம் ஏற்கப்படும்வரை காத்திருக்கவும்.'

கால் மணி நேரம் மூவரும் காத்திருந்தார்கள். இரண்டு கம்ப்யூட்டர்களும், குறுகிய வாசலில் சந்தித்துக்கொண்ட இரண்டு மரியாதைக்காரர்களைப் போல, நீங்கள் முதலில், நீங்கள் முதலில் என்று நின்றுகொண்டிருந்தன.

"இன்னொரு வழி இருக்கு" என்றார் அந்த அம்மா. "ரெண்டு வருஷமா உங்களைத் தெரிஞ்ச உள்ளூர்க்காரர் யாராவது வந்து கையெழுத்துப் போட்டா போதும்."

"நான் வந்தே ஒன்பது நாள்தாங்க ஆகுது."

அந்த அம்மா கால்குலேட்டரைத் தட்டினார். "அப்ப எழுநூத்தி இருபத்தொரு நாள் கழிச்சு வாங்க. அன்னிக்கு வேலை நாள்தானான்னு மட்டும் பார்த்துக்குங்க."

அன்று மாலை பெயின்டர் மாமியாருக்குப் போன் போட்டார். "நம்பர் கிடைக்கலைன்னு சொல்லிடுங்க அத்தை. கி-டை-க்-க-லை" என்று அழுத்தந்திருத்தமாகக் கத்தினார். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து, மனைவியிடமே பேசுவதுபோல அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

பதின்மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே மெக்கானிக் அங்கே போய்விட்டார். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். காவலாளியின் நம்பரில் வழக்கம்போல டோக்கன் வந்தது. கூடத்தில் உட்கார்ந்தார்.

ஒன்பதரை மணிக்கு மேலாளர் வந்தார். ஐந்தாம் மாடியில் அன்று பெரிய கூட்டம். 'எங்கும் எப்போதும் தடையற்ற தொடர்பு' என்பது அவர் பேசவிருந்த தலைப்பு. லிப்ட்டில் ஏறினார். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டது.

மேலாளர் செல்போனை எடுத்தார். அந்த நிறுவனத்தின் சிக்னல் நாடு முழுவதும் கிடைக்கும், மலைமேல் கிடைக்கும், நடுக்கடலில் கிடைக்கும். லிப்ட்டுக்குள் கிடைக்காது. ஆகவே சிவப்பு அவசரப் பொத்தானை அழுத்தினார். அது நேராக அந்தத் தெருவுக்குப் பொறுப்பான மெக்கானிக்கின் செல்போனில் அடிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஓர் இனிய குரல் சொன்னது: "உங்கள் மெக்கானிக்கின் நம்பர் விரைவில் அறிவிக்கப்படும். நன்றி."

மேலாளர் கதவைத் தட்டினார். மூன்றாம் மாடிக்காரர்கள் நான்காம் மாடியில் மராமத்து நடக்கிறது என்று நினைத்தார்கள். நான்காம் மாடிக்காரர்கள் மூன்றாம் மாடியில் என்று நினைத்தார்கள். ஐந்தாம் மாடியில், அவர் வந்ததும் தட்டுவதற்காகக் கைகளைத் தயாராக வைத்துக்கொண்டு அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

பதினோரு மணிக்குக் காவலாளிக்கு விஷயம் தெரிந்தது. லிப்ட் கம்பெனிக்குப் போன் செய்தார்.

"அந்தத் தெரு மெக்கானிக் உங்க கட்டடத்துலதான் இருக்கார்" என்றார் சூப்பர்வைசர். "காலையிலேருந்தே அங்கதான் இருக்கார். எங்க சேவை அப்படி."

காவலாளி கூடத்துக்கு ஓடிவந்தார். "இங்க லிப்ட் மெக்கானிக் யாருங்க?"

நம் மெக்கானிக் கையைத் தூக்கினார். காவலாளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அட, நீங்களா! இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க டோக்கன்தானே கேட்டீங்க?"

இருவரும் மாடிக்கு ஓடினார்கள். லிப்ட் கதவு உள்ளங்கை அகலத்துக்குத் திறந்து நின்றது. மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து முக்கோணச் சாவியை எடுத்தார்.

"ஒரு நிமிஷ வேலைங்க."

"நில்லுங்க!" என்று குரல் வந்தது. தலைமை எழுத்தர் படியேறி வந்துகொண்டிருந்தார். "வெளியாள் யாரும் இந்தக் கட்டடத்துல இயந்திரத்தைத் தொடணும்னா முதல்ல பதிவு பண்ணணும். அவரோட செல்லுக்கு ஒரு ரகசியக் குறியீடு வரும். அதைக் காவலாளிகிட்ட சொல்லணும். அப்புறம்தான் தொடலாம். உங்க செல் நம்பர் சொல்லுங்க."

மெக்கானிக் சாவியைப் பார்த்தார். தலைமை எழுத்தரைப் பார்த்தார். பதின்மூன்று நாளில் அவர் சேர்த்து வைத்திருந்த ஏதோ ஒன்று உள்ளே மெல்லப் புரண்டு படுத்தது. சாவியைத் திரும்பவும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தரையைத் தட்டிவிட்டு, லிப்ட் கதவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"விதின்னா விதிதாங்க" என்றார்.

"யாரு வெளியே?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"நான்தாங்க சார், மெக்கானிக்."

"அப்பாடா! நல்ல நேரத்துல வந்தீங்க. திறங்க, திறங்க."

"திறக்கலாங்க சார். ஆனா பாருங்க, நான் மெக்கானிக்குன்னு நானே சொல்றேன், நீங்க நம்பிடுறீங்க. செல் நம்பர்கூட இல்லாத ஆளுங்க நான். என்னை மாதிரி ஒருத்தன் உங்க கதவைத் திறக்குறது உங்களுக்கே பாதுகாப்பு இல்லைங்களே?"

உள்ளிருந்து கேள்வி வந்தது.

"ஏன் உங்ககிட்ட நம்பர் இல்ல?"

"உங்க ஆபீஸ்லதாங்க கேட்டுக்கிட்டிருக்கேன். எழுநூத்திச் சொச்சம் நாள்ல கிடைச்சிடும்."

"அய்யோ! யாருய்யா அங்க? இவருக்கு ஒரு நம்பரைக் குடுத்துத் தொலைங்கய்யா!"

தலைமை எழுத்தர் பணிவாகக் கதவிடுக்கில் குனிந்தார். "வாய்மொழி உத்தரவு செல்லாதுங்க சார். மெயில் போட்டுடுங்க."

"இங்க சிக்னல் இல்லய்யா!"

"அதைப் பத்தி ஒரு புகார் பதிவு பண்ணிடட்டுங்களா சார்?"

மேலாளர் தன் உரையின் முதல் பக்கத்தைக் கிழித்து, பின்புறத்தில் உத்தரவு எழுதி, இடுக்கு வழியாக நீட்டினார். தலைமை எழுத்தர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஜனவரியிலேருந்து தாள் வாங்கக் கூடாதுங்க சார்."

"எவன் சொன்னான்?"

"உங்க சுற்றறிக்கைதாங்க சார். அழகா எழுதியிருந்தீங்க."

கடைசியில் தாளை மெக்கானிக் பிடித்துக்கொள்ள, தலைமை எழுத்தர் அதைத் தொடாமலே போட்டோ எடுத்தார். மூன்றாம் கவுன்டர் அம்மா மடிக்கணினியோடு மேலே வரவழைக்கப்பட்டார். படியிலேயே உட்கார்ந்து திரையைத் திறந்தார்.

"சார், இருப்பிடச் சான்று இல்லாம குடுக்கணும்னா மூணே வகைதான் இருக்கு. தூதர், விளையாட்டு வீரர், பேரிடர் மீட்புப் பணியாளர்."

"பேரிடர்னு போடுங்கம்மா!"

"போட்டுட்டேன் சார். என்ன பேரிடர்னு கேக்குது. நிலநடுக்கம், வெள்ளம், தீ, மற்றவை."

"மற்றவை!"

"பேரிடரின் பெயர்னு ஒரு கட்டம் வருதுங்க சார்." அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். கதவிடுக்கைப் பார்த்தார். பிறகு நிதானமாக, 'மேலாளர்' என்று தட்டினார்.

கம்ப்யூட்டர் உடனே ஏற்றுக்கொண்டது. நம்பர் ஒன்று வந்தது. மெக்கானிக் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

"வாழ்த்துகள்" என்றார் அந்த அம்மா. "இருபத்துநாலு மணி நேரத்துல வேலை செய்யும்."

உள்ளிருந்து ஏதோ உதை வாங்கும் சத்தம் கேட்டது.

உடனே வேலை செய்ய வைக்கவும் வழி இருந்தது. அதற்கு மேலாளரின் கைரேகை வேண்டும். கைரேகைக் கருவி கீழேயிருந்து வந்தது. கதவிடுக்கில் மேலாளர் தென்படவில்லை. அவருடைய ஆள்காட்டி விரல் மட்டும் வெளியே வந்து, காற்றில் கருவியைத் தேடியது. தலைமை எழுத்தர் எழுந்து நின்று, அந்த விரலுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் கருவியை நீட்டினார்.

மெக்கானிக்கின் செல்போன் பதின்மூன்று நாளுக்குப் பிறகு கண் திறந்தது. ரகசியக் குறியீடு வந்தது. காவலாளியிடம் சொன்னார். காவலாளி குறித்துக்கொண்டார். முக்கோணச் சாவி ஒரு சுற்றுத் திரும்பியது. நாற்பது வினாடியில் மேலாளர் முழங்காலை ஊன்றி வெளியே வந்தார்.

எழுந்ததும் டையைச் சரிசெய்துகொண்டு, "கூட்டம் ஆரம்பிச்சாச்சா?" என்றார். மேலே போய், முதல் பக்கம் இல்லாமலே தடையற்ற தொடர்பு பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பலத்த கைதட்டல் கிடைத்ததாகக் கேள்வி.

மெக்கானிக் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, ஒரே வெளிநாட்டு நம்பராகப் பதிவு செய்திருந்த மனைவியின் நம்பரைப் போட்டார்.

"யாருங்க?"

"நான்தான்."

அந்தப் பக்கம் மனைவியின் குரல் வெடித்தது. "பதிமூணு நாளா லிப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டீங்கன்னு பெயின்டரோட மாமியார் சொன்னாங்களே! சாப்பாட்டை இடுக்கு வழியா குடுக்குறாங்களாமே! நான் எத்தனை கோயிலுக்கு வேண்டிக்கிட்டேன் தெரியுமா?"

"மாட்டினது நான் இல்ல. அது வேற ஒருத்தர். இப்பதான் வெளியே விட்டேன். நீ எப்படி இருக்கே? டாக்டர் என்ன தேதி சொன்னார்?"

"தேதி போயே மூணு நாள் ஆச்சு. பொண்ணு. மூக்கு அப்படியே உங்க மூக்கு. பாவம்."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். மனைவி போனைக் குழந்தையிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். முதலில் துணி உரசும் சத்தம், பிறகு ஒரு சின்னத் தும்மல், பிறகு ஒரு பெரிய அழுகை. ஐந்தாம் மாடியிலிருந்து கைதட்டல் கேட்டது. மெக்கானிக் மறு காதைக் கையால் பொத்திக்கொண்டு, சுவரோடு சாய்ந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். படியேறி வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

*

மேலாளர் மாட்டிக்கொண்ட சம்பவத்தை விசாரிக்க மூவர் குழு அமைக்கப்பட்டது. வெளிநாட்டுக்காரர்களுக்கு நம்பர் கொடுக்காததுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. லிப்ட்தான் காரணம் என்று குழு ஒருமனதாகக் கண்டுபிடித்தது.

இதற்கிடையே செய்தி பரவிவிட்டது. நம்பர் கிடைக்காத வெளிநாட்டுக்காரர்கள் தினமும் காலையில் வந்து லிப்ட் முன்னால் அமைதியாக நின்று, எந்த அதிகாரி ஏறுவார் என்று ஆவலோடு பார்த்தார்கள். அதிகாரிகள் லிப்ட் பக்கமே வருவதை நிறுத்தினார்கள். மேலாளரும் படியேறினார். ஆனால் பயந்து படியேறுகிறோம் என்று ஒரு நிறுவனம் சொல்லிக்கொள்ள முடியுமா? 'உயர்வோம், படிப்படியாக' என்று ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது. காலடி எண்ணும் கைக்கடிகாரம் எல்லோருக்கும் கட்டப்பட்டது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்குகிறவர்கள் செல்பி எடுத்துப் போட்டார்கள். வியர்வையோடு கூட்டத்துக்கு வருவது நாகரிகமாயிற்று.

மற்ற நிறுவனங்கள் சும்மா இருக்குமா? எதிர்க்கட்டடத்து வங்கி படியேறியது. காப்பீட்டுக் கம்பெனி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறியது. நகரத்தில் 'லிப்ட் இல்லா அலுவலகம்' என்று பலகை மாட்டாத கட்டடத்துக்குள் போகவே படித்தவர்கள் கூச்சப்பட்டார்கள். மூட்டு வலிக்காரர்கள் மட்டும் கீழேயே நின்று, மேலே இருப்பவர்களுக்குக் கை அசைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

லிப்ட்டுகள் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. ஏற ஆள் இருந்தால்தானே பழுதாகும். லிப்ட் கம்பெனியில் வேலை குறைந்தது. ஒருநாள் மெக்கானிக், தன் பதினோராவது கட்டடத்தின் வெறும் லிப்ட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, அரும்பாடுபட்டு வாங்கிய அந்த நம்பருக்குக் கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது.

'தங்கள் சேவை இனி தேவைப்படாது. தங்களை நான்கு நாளில் ஊருக்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. இந்தச் செய்திக்குப் பதில் அனுப்ப இயலாது.'

மெக்கானிக் எண்ணெய்க் கையோடு அதை மூன்று தடவை படித்தார். இன்னும் நான்கு நாளில் மகளைக் கையில் தூக்கப்போகிறார். யாரும் பார்க்காத அந்த லிப்ட்டுக்குள் நின்று, வாய்விட்டுச் சிரித்தார்.

செய்திக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'இந்த அனுபவம் தங்களுக்கு எப்படி இருந்தது?' ஐந்து நட்சத்திரங்கள் வரிசையாக நின்றன. மெக்கானிக் ஐந்தையும் அழுத்தினார்.

அந்த ஆண்டு கம்பெனியின் ஆண்டறிக்கை பளபளப்பாக வெளிவந்தது. அதன் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது: 'எங்களால் பணிநீக்கம் செய்யப்பட்டவர்களில் கருத்துத் தெரிவித்த அனைவரும் முழுத் திருப்தி அடைந்துள்ளனர்.' அதைப் பார்த்த தொலைபேசி நிறுவனம், வங்கி, காப்பீட்டுக் கம்பெனி ஆகிய மூன்றும், தங்கள் ஊழியர்களையும் திருப்திப்படுத்த உடனடியாக ஆளுக்கொரு குழு அமைத்தன.